பத்தாவதோடு நிறுத்தினால் என்ன ஆகும்? எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் பற்றி ஒரு விளக்கம்

ஏப்ரல், மே மாதங்களில் ஆந்திரம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் பொதுத்தேர்வு முடிவுகளும் அடுத்தடுத்து வெளியாகின்றன. அப்போது மூணாறு, பீர்மேடு, உடும்பன்சோலை எஸ்டேட் லயங்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஊர்களிலும், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் குப்பம், நகரி, சத்தியவேடு வட்டாரங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏறக்குறைய ஒரே மூன்று கேள்விகளைக் கேட்கின்றன. எட்டாவது வரை யாரையும் பெயிலாக்கக் கூடாது என்ற விதி போய்விட்டதா? பத்தாவது பாஸ் பண்ணினாலே வளைகுடா போகலாம் என்னும்போது பிளஸ் டூ எதற்கு? பன்னிரண்டு முடித்தவனும் கடைசியில் ஏலத்தோட்டத்துக்குத்தானே ஜீப் ஏறுகிறான்?

மூன்றுமே நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பாதி உண்மையான பதில்கள் வாய்வழியாகப் பரவியிருப்பதுதான் சிக்கல். மாநில எல்லையை ஒட்டி வாழும் குடும்பங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத சில கூடுதல் விதிகளும் பொருந்துகின்றன. அவற்றைப் பிள்ளை பள்ளியை விட்டு நின்ற பிறகுதான் பலர் கேள்விப்படுகிறார்கள்.

பள்ளியை முடிப்பது என்றால் என்ன

பள்ளிக் கல்வியில் கணக்கில் வரும் நிலைகள் மூன்று: எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு. இவற்றின் பெயரும் இருப்பிடமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. கேரளத்தில் பத்தாவதை எஸ்.எஸ்.எல்.சி. என்றும் அடுத்த இரண்டு ஆண்டுகளை மேல்நிலை, அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றும் சொல்கிறோம். பிளஸ் ஒன் இடம் அரசின் ஒற்றைச் சாளர முறையில் ஒதுக்கப்படுகிறது. தமிழ்நாட்டிலும் பெயர்கள் ஏறத்தாழ இவையே. ஆந்திரத்திலோ பள்ளி பத்தாவதோடு முடிந்துவிடுகிறது. அடுத்த இரண்டு ஆண்டுகள் இன்டர்மீடியட் என்ற பெயரில் பெரும்பாலும் ஜூனியர் கல்லூரிகளில், தனி வாரியத்தின் கீழ் நடக்கின்றன. ஆகவே குப்பத்துப் பெற்றோர் ஒருவர் ‘பையன் ஸ்கூல் முடித்துவிட்டான்’ என்று சொல்வதற்கும், உடும்பன்சோலைப் பெற்றோர் ஒருவர் அதே வாக்கியத்தைச் சொல்வதற்கும் இடையே இரண்டு ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். அரசு வேலை அறிவிப்புகளில் 10+2 என்று அச்சிட்டிருந்தால், அது இன்டர்மீடியட்டையும் பிளஸ் டூவையும் ஒருசேரக் குறிக்கும்.

தேர்ச்சி என்பதன் அளவும் ஒன்றல்ல. கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது டி பிளஸ் கிரேடு, அதாவது 30 விழுக்காடு, பெற்றவரே மேற்படிப்புக்குத் தகுதியானவர் எனச் சான்றிதழில் குறிக்கப்படுகிறார். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 100க்கு 35 வேண்டும்.

இந்தக் கட்டுரையின் மையமான செய்தி இனி வருவது. வேலைக்கான விதிகளும் மேற்படிப்புக்கான விதிகளும் படித்த ஆண்டுகளை எண்ணுவதில்லை, சான்றிதழைத்தான் கேட்கின்றன. ஒன்பதாவது முழுவதும் படித்துப் பத்தாவதில் பாதியில் நின்ற மாணவி, விதியின் பார்வையில் எட்டாவது படித்தவள். பிளஸ் டூ வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்துவிட்டுக் கணிதத்தில் மட்டும் தவறிய மாணவன், அந்தத் தாளை எழுதித் தேறும் வரை பத்தாவது படித்தவன். அவர்கள் கற்றுக்கொண்டது வீணாகிவிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கல்வியை எழுதுவதற்குக் கட்டம் கிடையாது. பாதிக் கிணறு தாண்டிய கதை என்று ஊரில் சொல்வார்களே, அது இந்த விஷயத்தில் சட்டப்படியே பொருந்துகிறது.

சட்டத்தின் பாதுகாப்பு எங்கே முடிகிறது

2002இல் செய்யப்பட்ட 86ஆம் அரசமைப்புத் திருத்தத்தின் வழியே 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதை நடைமுறைப்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. இந்த உரிமை எட்டாம் வகுப்பு வரைக்குமானது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையைப் பள்ளியில் தக்கவைக்க வேண்டிய அடிப்படை உரிமைக் கடப்பாடு அரசுக்கு இல்லை. பல மாநிலங்கள் தம் விருப்பத்தில் பன்னிரண்டு வரை கட்டணமின்றி நடத்துவது வேறு விஷயம்.

எட்டாவது வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்பது இச்சட்டத்தின் முதல் வடிவில் இருந்த விதி. 2019இல் அது திருத்தப்பட்டு, 5, 8 ஆம் வகுப்புகளில் தேர்வு வைக்கவும், மறுதேர்விலும் தேறாதவரை நிறுத்தி வைக்கவும் மாநிலங்களுக்கு அனுமதி தரப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் நேரடி நிர்வாகத்தில் உள்ள பள்ளிகளுக்கு அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தபோது, எல்லாப் பள்ளிகளுக்கும் அப்படியாகிவிட்டது என்ற வதந்தி பரவியது. எட்டாவது வரை கட்டாயத் தேர்ச்சி முறை தொடரும் எனத் தமிழ்நாடு அரசு அப்போதே அறிவித்துவிட்டது. எந்த மாநிலமானாலும், தேறாத காரணத்துக்காக எட்டாவது முடிக்கும் முன் பிள்ளையைப் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்பது மாறவில்லை.

இனி வேலைப் பக்கம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகு உதவுவது போன்ற சில விலக்குகளைத் தவிர்த்து, 14 வயது நிறையாதவரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. 14 முதல் 18 வரையிலானவர்களை வளரிளம் பருவத்தினர் என்று தனியே வகைப்படுத்தி, சுரங்கம், வெடிபொருள், அபாயகரமானவை எனப் பட்டியலிடப்பட்ட வேலைகள் ஆகியவற்றில் மட்டும் அவர்களைத் தடுக்கிறது.

இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படித்தால் இடைவெளி ஒன்று தெரியும். பதினான்கு வயதில் பள்ளிக்கான கட்டாய உரிமை முடிகிறது. அதே வயதில் பெரும்பாலான கூலி வேலைகளுக்கான தடையும் நீங்குகிறது. ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரையிலான அந்த நான்கு ஆண்டுகளில் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைப்பது வீட்டின் முடிவு மட்டுமே. பொதுத்தேர்வுகள் இரண்டும் வருவதும், குடும்பக் கடன் பிள்ளையின் கைகளை எதிர்பார்க்கத் தொடங்குவதும் இதே நான்கு ஆண்டுகளில்தான்.

மலைத் தோட்டங்களில் இந்த இடைவெளி இன்னும் முன்னதாகவே தொடங்கியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளரின் 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்து தருமாறு முதலாளிக்கு மாநில அரசு விதி செய்யலாம் என்றது. பன்னிரண்டு வயதுக்கு மேல் என்ன என்பதை அது யோசிக்கவில்லை. எஸ்டேட்டுக்குள் தொடக்கப் பள்ளி இருப்பதும், உயர்நிலைப் பள்ளிக்கு டவுனுக்கு இறங்க வேண்டியிருப்பதும் இப்படி அமைந்தவைதான்.

எந்தச் சான்றிதழுக்கு எது திறக்கிறது

மேற்சொன்ன மூன்று நிலைகளையும் நடைமுறை விதிகளோடு பொருத்திப் பார்ப்போம்.

1. எட்டாவது. வெல்டர், வயர்மேன் போன்ற சில ஐ.டி.ஐ. பிரிவுகளில் சேர இது போதும். வாடகை வாகனம் ஓட்டும் உரிமத்துக்கும் முன்பு எட்டாவது கட்டாயமாக இருந்தது. 2019இல் மத்திய அரசு அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. எட்டாவது வரை படித்திருந்தால்தான் ஜீப் ஓட்டலாம் என்று இன்றும் சொல்பவர்கள் பழைய விதியைச் சொல்கிறார்கள்.

2. பத்தாவது. பாலிடெக்னிக் டிப்ளமோ, எலெக்ட்ரீசியன் உள்ளிட்ட பெரும்பாலான ஐ.டி.ஐ. பிரிவுகள், மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பல்பணி ஊழியர் தேர்வு, துணை ராணுவக் காவலர் தேர்வு, ரயில்வேயின் அடிப்படை நிலைப் பணிகள், தமிழ்நாட்டில் குரூப் 4 ஆகியவை இங்கிருந்து தொடங்குகின்றன. ராணுவத்தின் அக்னிவீர் பொதுப் பணிக்கு வெறும் தேர்ச்சி போதாது. மொத்தத்தில் 45 விழுக்காடும் ஒவ்வொரு பாடத்திலும் 33 விழுக்காடும் வேண்டும். கேரளத்தில் டி பிளஸ் கிரேடில் தேறிய மாணவர் ராணுவ ஆள்சேர்ப்பில் தகுதியிழப்பது இதனால்தான்.

பாஸ்போர்ட் விஷயம் இந்த நிலையில்தான் வருகிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில், சில விலக்குகள் தவிர, குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இடம்பெறும். சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமான், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். பத்தாவது தேறியவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. சட்டத்தின் நோக்கம் ஏமாற்றப்படக்கூடியவர்களைக் காப்பது. நடைமுறையிலோ அந்த அனுமதியை வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்டிடம் போய்ச் சிக்குகிறவர்கள் பத்தாவது தேறாதவர்கள்தான்.

3. பன்னிரண்டாவது. செவிலியர் படிப்புகள், டி.பார்ம்., தொடக்கப் பள்ளி ஆசிரியர் பட்டயம், பெரும்பாலான இளநிலைப் பட்டங்கள், மத்திய அரசின் எழுத்தர் நிலைத் தேர்வு ஆகியவற்றுக்கு இதுவே வாசல். வளைகுடா போக பத்தாவது போதும் என்பது குடிபெயர்வு அனுமதியைப் பொறுத்தவரை சரி. ஆனால் அங்கே போய் எந்த வேலையில் அமர்வது என்பதைப் பாஸ்போர்ட் தீர்மானிப்பதில்லை. பத்தாவது முடித்தவர் கட்டடத்துக்கோ கிடங்குக்கோ போகிறார். அதே விமானத்தில் போகும் செவிலியரும் ஆய்வக உதவியாளரும் பிளஸ் டூ அறிவியல் பிரிவின் வழியாக வந்தவர்கள்.

ஒரு குறுக்குவழி பற்றி அடிக்கடி விசாரிப்பு வருகிறது. பிளஸ் டூ எழுதாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிடலாமே என்பது அது. பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் பெறாத பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று தமிழ்நாடு அரசு 2009இல் ஆணையிட்டிருக்கிறது. அப்படிப் பட்டம் வாங்கியவர்கள் தேர்வில் வென்ற பின்பும் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். பட்டம் கையில் இருக்க, பன்னிரண்டு இல்லை என்ற காரணம் போதுமானதாகிவிடுகிறது.

எல்லைக் கோடு சேர்க்கும் கூடுதல் விதிகள்

இதுவரை சொன்னவை எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொதுவானவை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்கும் போயின. கோடு போட்டு அறுபது, எழுபது ஆண்டுகள் ஆகியும், கோட்டின் இருபுறமும் உறவும் திருமணமும் வேலையும் தொடர்வதால், பிள்ளையை ஒரு மாநிலத்தில் சில ஆண்டும் மறுமாநிலத்தில் சில ஆண்டும் படிக்க வைப்பது இங்கே சாதாரணம். ஆறாவது வரை லயத்துக்குப் பக்கத்தில், பிறகு போடியில் பாட்டி வீட்டில், இடையில் அப்பா உடம்புக்கு முடியாமல் போனால் மறுபடி மலைக்கு. அன்பினாலும் தேவையினாலும் எடுக்கப்படும் இந்த முடிவுகள் விதிகளோடு மோதும் இடங்கள் மூன்று.

முதலாவது, தொடர்ச்சி. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் (2022), மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் (2024) இதே ஏழு ஆண்டுத் தொடர்ச்சியை ஒட்டியவை. எட்டாவதை மட்டும் இடுக்கியில் படித்துவிட்டுக் கம்பத்துக்குத் திரும்பிய பிள்ளை இவற்றுக்கு வெளியே நிற்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை ஏதேனும் ஒரு வகுப்பை வெளிமாநிலத்தில் படித்திருந்தால், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் பிறப்பிடச் சான்று தர வேண்டும்.

ஆந்திரத்தில் இது இன்னும் கடுமை. அரசமைப்பின் 371டி பிரிவின்கீழ் 1974இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கல்லூரி இடங்களில் 85 விழுக்காடு உள்ளூர் மாணவருக்கு உரியது. உள்ளூர் மாணவர் என்பதற்கான முதன்மையான அளவுகோல் பிறந்த ஊர் அல்ல. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டு உட்பட அதற்கு முந்தைய தொடர்ச்சியான நான்கு கல்வியாண்டுகளை எங்கே படித்தார் என்பதுதான் பார்க்கப்படும். நகரியில் பிறந்து, தமிழ்வழியில் படிக்க வேண்டும் என்பதற்காகத் திருத்தணிப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை, இன்டர்மீடியட்டுக்குச் சொந்த ஊர் திரும்பும்போது, பெற்றோர் நெடுங்காலம் அங்கே குடியிருந்ததைத் தனியே நிரூபிக்க வேண்டியவராகிவிடுகிறார். மாறுவதாக இருந்தால் ஆறாவதுக்கு முன் மாற்றிவிடுவதும், அதன்பின் பன்னிரண்டு வரை ஒரே மாநிலத்தில் நிலைத்திருப்பதும் குறைந்த சேதம் தரும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது, பயிற்றுமொழி. சிறுபான்மை மொழியினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவும் தொடக்கக் கல்வியோடு நின்றுகொள்கிறது. கேரளத்தில் பத்தாவது வரை தமிழ்வழிப் பாடநூல்கள் அரசால் அச்சிடப்படுகின்றன. பிளஸ் ஒன் வகுப்பில் இயற்பியலும் கணக்குப்பதிவியலும் ஆங்கிலப் புத்தகத்தில் வருகின்றன. ஆசிரியர் விளக்குவது மலையாளத்தில். எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல கிரேடு வாங்கிய தமிழ்வழி மாணவர், முதல் மூன்று மாதங்களில் தனக்குப் படிப்பு வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவதற்கு இந்த இரட்டை மாற்றம் போதும். பெற்றோரும் அதை அறிவுக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்பதாவதிலிருந்தே அறிவியல், கணிதக் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் பழக்கி வைக்கும் ஆசிரியர் இருக்கும் பள்ளிகளில் இந்த உடைப்பு குறைவு. 2017ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் பத்தாவது வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியதைப் பற்றித் தமிழர் நடுவே இரண்டு கருத்து உண்டு. உரிமை வாதத்தை ஒதுக்கி வைத்து, பிளஸ் ஒன் வகுப்பறையை மட்டும் நினைத்துப் பார்த்தால், மலையாளம் படிக்கவும் கேட்டுப் புரியவும் தெரிந்த தமிழ்ப் பிள்ளை அங்கே தாக்குப்பிடிக்கிறது.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பட்டியல் சாதிகள் எவை என்பதை மாநிலவாரியாக அறிவித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்டது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்தத் தகுதியைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990இல் தீர்ப்பளித்தது. இந்த இரண்டும் சேர்ந்து, 1950க்கு முன்பே கேரளத்தில் குடியேறியதைக் காட்ட முடியாத தேயிலைத் தோட்டத் தலித் குடும்பங்களைச் சிக்கலில் நிறுத்தியிருக்கின்றன. மூன்று தலைமுறை மூணாறில் கொழுந்து பறித்திருந்தாலும், ஆவணம் இல்லையென்றால் பிள்ளை பிளஸ் ஒன் சேர்க்கையில் பொதுப் பிரிவில் போட்டியிட வேண்டும். கல்விச் சலுகையும் கிடைக்காது. அப்படியானால் 1950க்கு முந்தைய குடியிருப்பை எதைக் கொண்டு நிரூபிப்பது? லயத்து வீட்டுக்குப் பட்டா கிடையாது. எஸ்டேட் வேலைப் பதிவேடு, அன்றைய தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு போன்றவைதான் மிஞ்சுகின்றன. தாத்தா இரண்டாவது படித்திருந்தால், அந்தப் பழைய பதிவேட்டின் ஒரு வரி பேத்தியின் சேர்க்கையில் சான்றாக உதவக்கூடும்.

பள்ளிப் பதிவு வயதுக்கும் ஆதாரம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, ஒருவர் சிறாரா என்பதைத் தீர்மானிக்கப் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோதான் முதலில் பார்க்கச் சொல்கிறது. உள்ளாட்சியின் பிறப்புச் சான்று அடுத்த இடத்தில்தான் வருகிறது. ஒரு மாநிலத்தில் பிறந்து மறுமாநிலத்தில் வளர்ந்த பிள்ளையின் ஆதார், ரேஷன் அட்டை, பள்ளிச் சான்று ஆகியவற்றில் மூன்று பிறந்த தேதிகள் இருப்பதுண்டு. பத்தாவது சான்றிதழ் அச்சாவதற்கு முன், பள்ளியில் விவரம் சரிபார்க்கச் சொல்லும் நாளிலேயே திருத்திக்கொள்வது எளிது. அச்சான பின் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும்.

‘படித்தவனுக்கும் வேலையில்லையே’

மூன்றாவது கேள்விக்கு வருவோம். தேசிய அளவிலான தொழிலாளர் கணக்கெடுப்புகள் எல்லாவற்றிலும், படிக்காத இளைஞரைவிடப் படித்த இளைஞரிடையே வேலையின்மை விகிதம் அதிகமாகவே காணப்படுகிறது. கேரளத்தில் இது கண்கூடு. எனவே படிப்பதால் வேலை போகிறது என்று முடிவு செய்யலாமா?

வேலையின்மை என்று கணக்கெடுப்பு எதைச் சொல்கிறது என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். வேலை தேடிக்கொண்டிருந்தும் கிடைக்காதவரே வேலையற்றவர். தேடிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் சில மாதம் வீட்டில் சோறு கிடைக்க வேண்டும். எட்டாவதோடு நின்றவர் மறுநாளே விடியலில் கம்பம்மெட்டுக்கோ குமுளிக்கோ போகும் ஜீப்பில் ஏறிவிடுவதால், கணக்கெடுப்பில் அவர் வேலையில் இருப்பவர். பட்டம் முடித்தவர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டு ஓராண்டு காத்திருந்தால், அவர் வேலையற்றவர். விகிதம் யாருடைய வாழ்க்கை மேலானது என்று சொல்வதில்லை. யாரால் காத்திருக்க முடிகிறது என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

பதினாறு வயதில் நிற்கும் பிள்ளை முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பணக் கணக்கில் முன்னால்தான் இருக்கிறது. அதை மறுத்துப் பேசுவதில் பயனில்லை. சக வயதுப் பையன் பஸ் பாஸுடன் திரியும்போது இவன் வீட்டுக்குக் கூலி கொண்டுவருகிறான். ஆனால் ஏலக்காய் எடுப்பிலும் கொழுந்து பறிப்பிலும் பதினெட்டு வயதுக்காரருக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் நாள் கூலி ஏறக்குறைய ஒன்றே. அனுபவம் கூடுவதால் கூலி கூடுவதில்லை. முதுகு வலி வந்த பிறகு வேலை நாட்கள் குறையவும் செய்கின்றன. சான்றிதழ் கேட்கும் வேலைகளில் தொடக்கச் சம்பளம் கூலியைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. அங்கே வருங்கால வைப்பு நிதி, ஆண்டு உயர்வு, பதவி உயர்வு என்று ஏணி இருப்பதால், வித்தியாசம் முப்பது வயதுக்கு மேல்தான் வெளியே தெரிகிறது. பதினாறு வயதில் முடிவெடுக்கும் குடும்பத்தின் கண்ணுக்கு அந்த வயது எட்டுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. கூலி வேலை ஓர் ஊரோடும் ஒரு பயிரோடும் கட்டுண்டது. ஏலக்காய் விலை சரிந்தாலோ, பெருமழையில் மலைப் பாதை அடைபட்டாலோ, தொற்றுக் காலத்தில் மாநில எல்லை மூடியபோது நேர்ந்தது போல ஜீப்புகள் நின்றுபோனாலோ, தோட்ட அனுபவத்தை ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஸ்ரீசிட்டியிலோ கொண்டுபோய்க் காட்ட முடியாது. அங்குள்ள ஆலைகள் கேட்பது பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ.

பெண் பிள்ளைகளைப் பொறுத்து ஒரே ஒரு தரவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பள்ளிக்கே போகாத பெண்களுக்குச் சராசரி மகப்பேறு 2.8, பன்னிரண்டு ஆண்டோ அதற்கு மேலோ படித்த பெண்களுக்கு 1.8. இதில் குடும்ப வசதியின் பங்கும் கலந்திருக்கிறது என்பது சரிதான். ஆயினும் பத்தாவதுக்குப் பிறகு பள்ளியில் இல்லாத பெண்ணுக்கு வரன் பேசத் தொடங்குவதையும், பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்குப் ‘பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிவைப்பதையும் எல்லா ஊரிலும் பார்க்கிறோம். திருமண வயதான பதினெட்டுக்கும் பிளஸ் டூ தேர்வுக்கும் இடையே சில மாதங்களே இருப்பதால், அந்த ஒத்திவைப்பு சட்டத்தையும் காப்பாற்றிக் கொடுக்கிறது.

நின்றுபோனவர் திரும்பி வரும் வழிகள்

1. எட்டாவதுக்குள் நின்ற பிள்ளையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மாநிலம் மாறி வரும் பிள்ளையின் டிசி தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. இது எட்டாவது வரைதான் பொருந்தும். ஒன்பதாவது முதல் டிசி கேட்கப்படும் என்பதால், ஊர் மாறும் முன்பே அதைக் கையில் வாங்கிக்கொள்வது நல்லது.

2. பொதுத்தேர்வில் ஓரிரு பாடங்களில் தவறியவர்களுக்கு, கேரளத்தில் ‘சே’ தேர்வும் தமிழ்நாட்டில் துணைத் தேர்வும் அதே கோடையிலேயே நடக்கின்றன. அவற்றுக்கு விண்ணப்பிக்கும் காலம் முடிவு வந்த சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. எஸ்டேட்டுக்குச் செய்தி எட்டுவதற்குள் தேதி கடந்துபோய், ஓராண்டு வீணாவது வழக்கமான இழப்பு.

3. முற்றிலும் விட்டுப்போனவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. பத்தாவதுக்கு 14 வயதும், பன்னிரண்டாவதுக்கு 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில், ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். கேரளத்தில் எழுத்தறிவு இயக்கம் நடத்தும் இணைநிலைத் தேர்வுகளும், ஆந்திரத்தில் மாநிலத் திறந்தநிலைப் பள்ளியும் உள்ளன. தமிழ்நாட்டில் பத்தாவதுக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், மொழித் தாள்களை மட்டும் எழுதிப் பன்னிரண்டாவதுக்கு இணையான சான்று பெற முடியும்.

4. இந்த வழிகளில் பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்க வேண்டும். சான்றிதழ் தரும் வாரியம் அரசு அங்கீகாரம் பெற்ற வாரியங்களின் பட்டியலில் இருக்கிறதா? எந்த மாநிலத்தில் வேலையோ மேற்படிப்போ தேடப்போகிறோமோ, அந்த மாநிலம் அதை இணையானதாக ஏற்கிறதா? டுட்டோரியல் விளம்பரங்களில் ‘ஒரே ஆண்டில் பத்தும் பன்னிரண்டும், பாஸ் உறுதி’ என்று வரும் வாரியப் பெயர்களில் சில, கேட்பதற்கு அரசு வாரியம் போலவே ஒலித்தாலும் எந்த அங்கீகாரமும் இல்லாதவை. அவற்றின் சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகமும் பல்கலைக்கழகமும் ஏற்பதில்லை. இடுக்கியில் படித்துத் தேனியில் வேலை தேடுபவர், குப்பத்தில் படித்துக் கிருஷ்ணகிரியில் சேர்பவர் ஆகியோருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதற்கான பதிலை டுட்டோரியல்காரரிடம் கேட்காமல், சேரப்போகும் கல்லூரியிலோ அம்மாநிலத் தேர்வுத் துறையிலோ கேட்பது முறை.